மேலிடத்தைக் கேட்ட டிவிஷன்: 295ஆம் ஜெர்மன் காலாட்படை, 1941–1943

1941 ஆகஸ்ட் 21 அன்று, கீவ் நகருக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள பிலா செர்க்வா என்ற உக்ரைன் ஊரிலிருந்து ஜெர்மன் லெப்டினன்ட் கர்னல் ஒருவர் தன் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர் பெயர் ஹெல்முத் குரோஸ்கூர்த். 295ஆம் காலாட்படை டிவிஷனின் முதன்மை ஸ்டாஃப் அதிகாரி. ஜெர்மன் படைவழக்கில் அந்தப் பதவிக்கு ‘ஐன்ஸ்-ஆ’ என்று பெயர். எந்த ரெஜிமென்ட் எந்தச் சாலையில் போக வேண்டும், பீரங்கியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் கவனிப்பது அவர் வேலை. ஆனால் அந்த அறிக்கையில் சாலையும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஊர் ஓரத்து வீடொன்றில் அடைத்து வைக்கப்பட்டிருந்த சுமார் 90 யூதக் குழந்தைகளைப் பற்றியது அது.

ஒரு டிவிஷனின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். இந்த ஆற்றைக் கடந்தது, அந்தக் குன்றைப் பிடித்தது, இத்தனை பேரை இழந்தது என்று அம்புக்குறிகளாகக் கதை ஓடும். 295க்கும் அப்படி ஒரு கதை உண்டு. அது ஸ்டாலின்கிராடில் முடிகிறது, கேட்கவும் விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் இந்த டிவிஷனை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் அந்த அம்புக்குறிகள் அல்ல. ஒரே கோடையில் இரண்டு ஊர்களில் ஏறத்தாழ ஒரே கொடுமை இதன் கண்முன் நடந்தது. இரண்டு ஊரிலும் இதன் அதிகாரிகள் குறுக்கே போனார்கள். ஓர் ஊரில் கொலை நின்றது, மற்றதில் நிற்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

படை

295ஆம் டிவிஷன் 1940 பிப்ரவரியில், தொகுதி தொகுதியாக நடந்த படைதிரட்டலின் எட்டாம் ‘அலை’யில் உருவாக்கப்பட்டது. ஹனோவரைத் தலைமையிடமாகக் கொண்ட 11ஆம் இராணுவ மாவட்டத்து ஆட்கள். 516, 517, 518 என மூன்று காலாட்படை ரெஜிமென்ட்கள், ஒரு பீரங்கி ரெஜிமென்ட், பொறியாளர் பட்டாலியன், தகவல்தொடர்புப் பிரிவு என்று வழக்கமான அமைப்பு. மின்னல் வேகப் போர் என்றதும் டாங்கிகள்தான் நம் நினைவுக்கு வரும். இவர்களிடம் அவை இல்லை. ஆட்கள் நடந்தார்கள், பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன.

ஜெர்மன் டிவிஷன் தலைமையகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ரோமன் எண் உண்டு. மருத்துவர்கள் ‘நான்கு-பி’, படைக் குருமார் ‘நான்கு-டி’. ஒரு டிவிஷனுக்கு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர் என்பது விதி. இந்த ‘நான்கு-டி’ பின்னால் முக்கியமாகப் போகிறது.

1941 ஜூன் 22 அன்று, பல டிவிஷன்களைக் கொண்ட 17ஆம் இராணுவத்தின் அங்கமாக இவர்கள் சோவியத் எல்லையைத் தாண்டினார்கள். தாண்டுவதற்கு முன்பே இரண்டு ஆவணங்கள் கையெழுத்தாகிவிட்டன. ஏப்ரல் 28 உடன்பாட்டின்படி, நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்எஸ்ஸின் சிறப்புக் கொலைப் படைகள் இராணுவத்தின் பகுதிக்குள் வந்து தங்கள் சொந்தப் பொறுப்பில் ‘வேலை’ செய்யலாம். பெட்ரோல், உணவு, தங்குமிடம் இராணுவம் தரும். மே 13 ஆணையின்படி, எதிரி நாட்டுப் பொதுமக்களுக்கு ஒரு ஜெர்மன் சிப்பாய் இழைக்கும் குற்றத்தை வழக்காக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, 295இன் சிப்பாய் எல்லையில் முதல் அடி வைத்தபோதே அந்த ஊர் மக்களுக்குச் சட்டம் என்று எதுவும் மிச்சமில்லை.

சோலோச்சிவ்

லிவிவ் நகருக்குக் கிழக்கே இருக்கும் சோலோச்சிவுக்கு ஜூலை தொடக்கத்தில் ஜெர்மானியர் வந்தார்கள். பின்வாங்கும் முன் சோவியத் இரகசியப் போலீஸ், கோட்டைச் சிறையில் இருந்த நூற்றுக்கணக்கான கைதிகளைக் கொன்று புதைத்திருந்தது. செய்தி ஊருக்குள் பரவியது. பழி யூதர்கள் மேல் விழுந்தது. உக்ரைன் தேசியவாத ஆயுதக் குழுவினரும் ‘வைக்கிங்’ எஸ்எஸ் டிவிஷனின் ஆட்களும் யூதர்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து, புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களை எடுக்க வைத்தார்கள். எடுத்து முடித்தவர்களை அதே குழிகளில் கொன்றார்கள்.

அப்போது 518ஆம் ரெஜிமென்டுக்குத் தலைவராக இருந்தவர் கர்னல் ஓட்டோ கோர்ஃபெஸ். வயது 51. முதல் உலகப் போரில் சண்டையிட்டவர், பிறகு படித்து முனைவர் பட்டம் பெற்று அரசு ஆவணக்காப்பகத்தில் வரலாற்றாளராக வேலை பார்த்தவர். கோட்டையில் நடப்பதை அறிந்ததும் தலையிட்டார். அங்கே கொலை நிறுத்தப்பட்டது. டிவிஷன் தலைமையகத்தில் குரோஸ்கூர்த், எஸ்எஸ்காரர்கள் ரஷ்யர்களையும் தங்களுக்குச் சந்தேகம் வந்த பொதுமக்களையும் கண்டபடி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று போர் நாட்குறிப்பில் பதிய வைத்தார்.

கோர்ஃபெஸ் யாரைக் கேட்டார்? யாரையும் கேட்டுக் காத்திருக்கவில்லை. ஊர் தன் படையின் கையில் இருந்தது, நிறுத்தச் சொன்னார், நின்றது. கொலை செய்தவர்கள் கையில் அன்று எந்த மேலிடக் கடிதமும் இல்லை. கும்பலின் வெறியும் எஸ்எஸ்காரர்களின் திமிரும் மட்டுமே இருந்தன. தோள்பட்டையில் கர்னல் பட்டை உள்ள ஒருவர் நேருக்கு நேர் நின்று குரல் கொடுத்தால் அடங்கக்கூடிய நிலைமை அது.

அந்த ஊரில் அப்போது நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு யூதச் சிறுவன் இருந்தான். பின்னாளில் பள்ளிக்கூடம் ஒன்றின் பரணில் தாயோடு ஒளிந்திருந்து உயிர் தப்பி, 1981இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ரோல்ட் ஹாஃப்மன். அவருடைய தந்தை தப்பவில்லை. சோலோச்சிவின் யூதர்களில் பெரும்பாலோரை 1942இலும் 1943இலும் பெவ்ஷெட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றிப் போனார்கள், அல்லது ஊர்ப்புறத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். கோர்ஃபெஸ் நிறுத்தியது ஒரு நாளை. அதைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை, கூட்டிச் சொல்லவும் முடியவில்லை.

பிலா செர்க்வா

ஏழு வாரம் கழித்து 295 பிலா செர்க்வாவில் இருந்தது. இப்போது அதன் மேலிடம் 6ஆம் இராணுவம், தளபதி ஃபீல்டு மார்ஷல் வால்டர் ஃபான் ரைஹெனாவ். ஊரில், எஸ்எஸ்ஸின் சிறப்புக் கொலைப் படைகளில் ஒன்றான, பாவுல் புளோபெல் தலைமையிலான சோண்டர்கமாண்டோ 4அ-வின் ஒரு குழு, ஆகஸ்ட் ஹெஃப்னர் என்ற எஸ்எஸ் அதிகாரியின் கீழ், ஆகஸ்ட் 8 முதல் யூத ஆண்களையும் பெண்களையும் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றிருந்தது. கொல்லப்பட்டவர்களின் குழந்தைகள் மட்டும் ஒரு வீட்டில் அடைபட்டார்கள். 19ஆம் தேதி மாலை அவர்களில் மூன்று லாரி நிறையக் குழந்தைகளைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். எஞ்சியவர்கள் சுமார் 90 பேர்.

பக்கத்தில் தங்கியிருந்த சிப்பாய்களுக்கு இரவெல்லாம் அழுகைச் சத்தம் கேட்டது. காலையில் சிலர் இராணுவ மருத்துவமனையின் குருமாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர்கள் கத்தோலிக்கப் பாதிரியார் எர்ன்ஸ்ட் டெவெஸ், புராட்டஸ்டன்ட் போதகர் கெர்ஹார்ட் வில்செக். இருவரும் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, 295இன் ‘நான்கு-டி’ குருமாரிடம் விஷயத்தைக் கொண்டு வந்தார்கள். டிவிஷனின் கத்தோலிக்கப் பாதிரியார் யோசெஃப் மரியா ராய்ஸ். டிவிஷன் குருமாரும் போய்ப் பார்த்து எழுத்தில் கொடுத்தார்கள்.

எழுத்தில் இருப்பது இதுதான். இரண்டு சிறிய அறைகள். சில மாதக் கைக்குழந்தை முதல் ஆறேழு வயது வரையான பிள்ளைகள் தங்கள் கழிவிலேயே கிடக்கிறார்கள். வெயில் காலம், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சில குழந்தைகள் சுவரின் காரையைச் சுரண்டித் தின்கிறார்கள்.

சுவர்க்காரையைத் தின்னும் குழந்தை. இதைப் படித்த பிறகு இந்த டிவிஷன் எந்த ஆற்றை எத்தனை மணிக்குக் கடந்தது என்பதில் என் கவனம் நிற்பதில்லை.

குரோஸ்கூர்த் அன்றே, ஆகஸ்ட் 20 பிற்பகல், அந்த வீட்டுக்குப் போனார். போதகர் ஒருவரின் மகன் அவர். 1939இல் இராணுவ உளவுத்துறையில் ஹிட்லரைக் கவிழ்க்கத் திட்டமிட்ட வட்டத்தில் இருந்தவர். போலந்தில் எஸ்எஸ் செய்த கொலைகளைப் பற்றிய குறிப்புகளை எடுத்துக்கொண்டு மேற்கு முனைத் தளபதிகளிடம் போனவர், அதனாலேயே தலைமையகத்திலிருந்து விலக்கப்பட்டவர். கண்ணால் பார்த்ததும் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரின் இராணுவ நிர்வாகம் ஃபீல்டு கமாண்டன்ட் ரீடல் என்ற லெப்டினன்ட் கர்னலிடம் இருந்தது. அவரிடம் போனார். யூதப் பெண்களையும் குழந்தைகளையும் ஒழிப்பது அவசர அவசியம் என்றார் ரீடல். ‘இந்தக் குஞ்சுகள்’ ஒழிய வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவரும் எஸ்எஸ்காரர் அல்ல, இராணுவச் சீருடை போட்டவர்தான். குரோஸ்கூர்த் முதலில், பல இராணுவங்களுக்கு மேலிடமான இராணுவக் குழுமத்தைத் தொடர்புகொண்டார், அங்கிருந்து 6ஆம் இராணுவத்தைக் கைகாட்டினார்கள். தளபதியின் முடிவு மாலைக்கு முன் வராது என்று பதில். அதற்குள் வீட்டு வாசலில் ஒரு லாரியில் குழந்தைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். முடிவு தெரியும்வரை நகரக் கூடாது என்று குரோஸ்கூர்த் சொல்ல, லாரி நின்றது. குழந்தைகளுக்கு ரொட்டியும் தண்ணீரும் போயின.

மறுநாள் கூட்டம். ரீடல், இராணுவத் தலைமையகத்தின் உளவு அதிகாரி கேப்டன் லூலை, புளோபெல், ஹெஃப்னர், குரோஸ்கூர்த். ரைஹெனாவின் முடிவை லூலை சொன்னார். குழந்தைகளை ஒழிக்க வேண்டியது அவசியம் என்று தளபதி ஏற்கிறார், அது நடந்தே ஆக வேண்டும். இந்தப் பரபரப்பையே கிளப்பியது குருமார்தான் என்று ரீடல் குறைபட்டார். அவர்கள் சிப்பாய்களின் நலனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம்.

22ஆம் தேதி குழந்தைகளைக் கொன்றார்கள்.

எப்படி என்பதை ஹெஃப்னரே பல ஆண்டுகளுக்குப் பின் வாக்குமூலத்தில் சொன்னார். தன் ஆட்களைச் சுட வைக்க அவருக்கு மனமில்லை, அவர்களுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு என்றாராம். அதனால் வேலை உக்ரைன் மிலிஷியாவின் தலையில் கட்டப்பட்டது. குழியை இராணுவம் முன்பே வெட்டி வைத்திருந்தது. இழுவை வண்டியில் பிள்ளைகள் வந்தார்கள். சுடப் போகிறவர்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இளம்பொன் நிறக் கூந்தல் கொண்ட சிறுமி ஒருத்தி ஹெஃப்னரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் பிறகு சுட்டார்கள்.

அறிக்கைக்குள் இருப்பது

குரோஸ்கூர்த்தின் அறிக்கையை இரண்டு விதமாகப் படிக்க முடியும். நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

முதல் வாசிப்பில் அது துணிச்சலான ஆவணம். பெண்கள், குழந்தைகள் மீதான இந்த நடவடிக்கை, எதிரி செய்யும் கொடுமைகள் என்று நாம் நம் சிப்பாய்களுக்கு ஓயாமல் சொல்லி வருவதிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டதல்ல என்று எழுதுகிறார். ரைஹெனாவைப் போன்ற நாஜி விசுவாசிக்கு, போர்முனையிலிருந்து, தன் கையெழுத்தோடு. 1941 கோடையில் அப்படி எழுதிய ஜெர்மன் ஸ்டாஃப் அதிகாரிகளை விரல் விட்டு எண்ணலாம்.

இரண்டாவது வாசிப்பில் தொண்டை அடைக்கிறது. இப்படிப்பட்ட நடவடிக்கைகள் படையினரின் கண்ணில் படாமல் நடப்பது இராணுவ ஒழுங்குக்கு நல்லது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த மனிதத்தன்மையற்ற வதையைத் தவிர்க்க, கைக்குழந்தைகளையும் மற்றப் பிள்ளைகளையும் தொடக்கத்திலேயே ஒழித்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி வருகிறது. மருத்துவமனைப் போதகரின் குறிப்பிலும் இதே சாயல்தான். இவை பொதுமக்கள் பார்வையில் நடப்பது விரும்பத்தக்கதல்ல என்கிறார்.

அந்த வரியை ஏன் எழுதினார்? அதிகாரத்துக்குப் புரியும் மொழியில் பேசினால்தான் கேட்பார்கள் என்ற கணக்கு என்று சிலர் சொல்கிறார்கள். லாரியை நிறுத்திய மனிதர் உள்ளூர அதை நம்பியிருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம். நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானம் போதவில்லை. பெரியவர்களின் கொலை அந்த அறிக்கையில் விவாதத்துக்கே வரவில்லை. இரண்டு வாரமாக அப்பாக்களும் அம்மாக்களும் சாகும்போது ஊரில் யாரும் இராணுவக் குழுமத்துக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. குழந்தைகளின் அழுகை காதில் விழுந்த பிறகுதான் மனசாட்சி எழுந்தது. எழுந்த மனசாட்சிக்கும் கையில் கிடைத்தது அலுவலக மொழி. அந்த மொழியில் ‘கொல்லாதே’ என்று எழுத இடமே இல்லை. ‘இப்படிக் கொல்லாதே’ என்றுதான் எழுத வந்தது.

ஆகஸ்ட் 26 அன்று ரைஹெனாவின் பதில் வந்தது. தொடங்கிய நடவடிக்கையைத் தக்க முறையில் முடிக்க வேண்டும் என்று, தான் கொள்கையளவில் முடிவு செய்ததாக எழுதினார். எதிரியோடு ஒப்பிட்ட வாசகத்தைத் தவறானது, தகாதது, மிக மிகத் துடுக்கானது என்றார். இந்த அறிக்கை எழுதப்படாமலே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்றார்.

இங்கேதான் சோலோச்சிவோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே கேள்வி மேலே போகாமல் களத்திலேயே தீர்ந்தது. இங்கே கேள்வி மேலே போனது. போனதும், அதுவரை எஸ்எஸ்ஸின் ‘சொந்தப் பொறுப்பில்’ நடந்த கொலைக்கு ஓர் இராணுவத் தளபதியின் ஒப்புதல் கிடைத்தது. குரோஸ்கூர்த் முறைப்படி நடந்தார், மேலிடத்தைக் கேட்டு அதன் முடிவுக்குக் காத்திருந்தார். அந்த முறையே குழந்தைகளைக் கொன்றது என்பது என் துணிபு. தடுப்பதற்காகக் கேட்ட கேள்வி, கொல்பவர்களுக்கு அதுவரை இல்லாத கையெழுத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது.

ஆனால் கேட்காமல் அவர் என்ன செய்திருக்க முடியும்? டிவிஷனின் காவலர்களை நிறுத்தி வீட்டைச் சுற்றி வளைத்திருக்கலாம். எத்தனை நாளைக்கு? 295 விரைவில் கிழக்கே நகர வேண்டிய படை, ரீடல் அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர். இந்த இடத்தில் அவர் மேல் தீர்ப்பு எழுத என் கை தயங்குகிறது. தயக்கத்துக்குக் காரணம் அவருடைய சிக்கல் மட்டுமே. அந்த வரியை நான் மன்னித்துவிடவில்லை.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே சோண்டர்கமாண்டோ 4அ, செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாட்களில் கீவின் பாபி யார் பள்ளத்தாக்கில் தன் சொந்தக் கணக்குப்படியே 33,771 யூதர்களைக் கொன்றது. குடும்பம் குடும்பமாக, குழந்தைகளோடு சேர்த்து. பிலா செர்க்வாவில் நடந்ததைப் போலப் பிள்ளைகளைத் தனியே ஒரு வீட்டில் விட்டு வைக்கவில்லை. அறிக்கையின் அந்த வரிதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கொலையின் போக்கு ஏற்கனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது உடல் கூசுகிறது. அக்டோபர் 10 அன்று ரைஹெனாவ் தன் இராணுவம் முழுமைக்கும் ஓர் ஆணை அனுப்பினார். யூதர்கள் மீதான ‘கடுமையான, ஆனால் நியாயமான’ தண்டனையின் தேவையைச் சிப்பாய் முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

எண் மட்டும் மிஞ்சியது

1942 செப்டம்பர் நடுவில் 295 ஸ்டாலின்கிராடில் மாமயேவ் குர்கான் குன்றுக்கு ஏறியது. வரைபடத்தில் 102 மீட்டர் உயரம், நகரையும் வோல்காவையும் ஒருசேரப் பார்க்கும் மேடு. பிடித்தார்கள், சோவியத் தளபதி ரோடிம்ட்சேவின் 13ஆம் காவல் டிவிஷன் ஆற்றைக் கடந்து வந்து உச்சியைத் திரும்பப் பறித்தது, மறுபடி பிடித்தார்கள். அதே மண்ணில் மாதக்கணக்கில் இந்த ஆட்டம் தொடர்ந்தது. நவம்பர் 19 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கி, 23ஆம் தேதி ஜெர்மன் படையைச் சுற்றி வளையம் மூடியது. அப்போது டிவிஷன் தளபதி, சோலோச்சிவில் குறுக்கே நின்ற அதே கோர்ஃபெஸ். 1943 ஜனவரி முடிவில் சரணடைந்தார். ஸ்டாலின்கிராடில் மொத்தமாகச் சுமார் 91,000 பேர் கைதிகளானார்கள், ஊர் திரும்பியவர்கள் 6,000 பேர் அளவில்தான்.

கைதியான பிறகு கோர்ஃபெஸ் ஹிட்லருக்கு எதிரான ஜெர்மன் அதிகாரிகள் சங்கத்தில் சேர்ந்தார். ஹிட்லரைக் கொல்ல முயன்ற 1944 ஜூலை 20 சதிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட கர்னல் மெர்ட்ஸ் ஃபான் குவிர்ன்ஹைம் இவருடைய மனைவியின் சகோதரர். 1948இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பி மறுபடி ஆவணக்காப்பக வேலைக்கே போனவர், 1964இல் போட்ஸ்டாமில் இறந்தார்.

குரோஸ்கூர்த் ஸ்டாலின்கிராடில் 295உடன் இல்லை. 1942இலேயே சில டிவிஷன்கள் சேர்ந்த படையான, ஜெனரல் ஸ்ட்ரெக்கரின் 11ஆம் கோருக்குத் தலைமை ஸ்டாஃப் அதிகாரியாகப் போய்விட்டார். ஆனாலும் அதே வளையத்துக்குள் சிக்கினார். கடைசி வாரங்களில், வளையத்திலிருந்து விமானத்தில் வெளியேறிய மேஜர் வால்டர்சே வழியாகப் பெர்லினிலிருந்த எதிர்ப்பு வட்டத்துக்கு, உடனே செயலில் இறங்கச் சொல்லிச் சேதி அனுப்பினார். பலன் இல்லை. நகரின் வடக்கே அவர் இருந்த பகுதி பிப்ரவரி 2 அன்று சரணடைந்தது. ஏப்ரல் 7 அன்று ஃப்ரோலோவோ முகாமில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார், வயது 44.

295 என்ற எண்ணை 1943 வசந்தத்தில் புதிய ஆட்களுக்குக் கொடுத்து நார்வேயின் கடலோரக் காவலுக்கு அனுப்பினார்கள். போர் முடியும்வரை அங்கேயே இருந்தார்கள்.

ரைஹெனாவ் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. 1942 ஜனவரி 17 அன்று, பக்கவாதம் தாக்கியதைத் தொடர்ந்து இறந்துபோனார். புளோபெலை 1951 ஜூன் 7 அன்று லாண்ட்ஸ்பெர்க் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஹெஃப்னர் 1968இல், சோண்டர்கமாண்டோ 4அ-வின் ஆட்கள் மீது மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த வழக்கில் தண்டனை பெற்றார். குருமாரில் ராய்ஸ் மைன்ட்ஸ் மறைமாவட்டத்திலும் டெவெஸ் மியூனிக்கிலும் துணை ஆயர்கள் ஆனார்கள்.

டார்ம்ஸ்டாட் வழக்கில் டெவெஸ் சாட்சி. தாங்கள் காப்பாற்ற நினைத்த அத்தனை பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தங்கள் முயற்சியால் அது திட்டமிட்டதைவிடச் சில நாட்கள் தள்ளி நடந்தது, அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.